நிழல் நிலத்தை மூடும் பல்லாண்டுத் தாவரம்: வல்லாரை

க.பொ.த. (சாதாரண தரம்) விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும், விஞ்ஞானம் ஆகிய இரு பாடங்களுக்கும் பயன்படும்



"ஓடிகள் மூலம் இனம்பெருகும் தாவரம் ஒன்றின் பெயரைக் குறிப்பிடுக" என்று கேட்டால், வகுப்பில் முக்கால்வாசிப் பேர் யோசிக்காமலே வல்லாரை என்று எழுதிவிடுவீர்கள். அதற்குரிய புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால் வினா வேறுவிதமாக வந்தால் என்ன செய்வீர்கள்? "வீட்டுத்தோட்டம் ஒன்றில் மாமரத்தின் கீழ் புல் வளராது மண் வெறுமையாக உள்ளது. மழைக்காலத்தில் மேல்மண் கழுவிச் செல்லப்படுகின்றது. இவ்விடத்துக்குப் பொருத்தமான பல்லாண்டுத் தாவரம் ஒன்றைத் தெரிவுசெய்து, காரணங்களையும் நடுகை முறையையும் தருக." இங்கேதான் பலரின் பேனை நின்றுவிடுகின்றது. இரண்டாவது வினாவுக்கும் அதே வல்லாரைதான் விடை. பெயரை மட்டும் பாடமாக்கியவருக்கு அது தோன்றாது. தாவரம் எவ்வாறு வாழ்கின்றது என்று விளங்கிக்கொண்டவருக்குத் தோன்றும். இப்பாடம் அந்த இரண்டாவது வினாவுக்கானது.

மரத்தடி மண் ஏன் வெறுமையாகக் கிடக்கின்றது?

இதற்குக் காரணம் கேட்டால் "சூரிய ஒளி இல்லை" என்ற ஒரே வரியை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகின்றவர்களே அதிகம். அது விடையின் ஒரு பகுதி மாத்திரமே.

முதலில் ஒளியைக் கவனிப்போம். தாவரம் ஒளித்தொகுப்பின் மூலம் உணவைத் தயாரிக்கின்றது. அதேவேளை இரவும் பகலும் சுவாசித்து அந்த உணவில் ஒரு பகுதியைச் செலவிடுகின்றது. ஒளிச்செறிவு குறையும்போது ஒளித்தொகுப்பு வீதமும் குறையும். ஆனால் சுவாசச் செலவு அதனுடன் சேர்ந்து குறைவதில்லை. ஒரு குறிப்பிட்ட ஒளிச்செறிவில் வரவும் செலவும் சமனாகிவிடும். அந்த ஒளிச்செறிவே ஈடுசெய் புள்ளி எனப்படும். அதற்குக் கீழே ஒளி நீண்ட காலம் நின்றால் தாவரம் சேமித்த உணவை உண்டு தீர்த்து இறந்துவிடும். கடையை நடத்தும் செலவு ஒவ்வொரு நாளும் வருமானத்தைவிட அதிகமானால் கடை எத்தனை நாள் தாங்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லாத் தாவரங்களுக்கும் இப்புள்ளி ஒன்றல்ல. வெயிலில் வாழப் பழகிய புற்களுக்கும் மிளகாய், கத்தரி போன்ற பயிர்களுக்கும் அது உயர்வானது. நிழலில் வாழப் பழகிய தாவரங்களுக்குத் தாழ்வானது. அயனமண்டல மழைக்காட்டின் தரையை வெளிவெயிலின் ஏறத்தாழ 1 – 2 சதவீத ஒளியே சென்றடைகின்றது. அங்கும் பசுந்தாவரங்கள் உயிர்வாழ்கின்றன அல்லவா? எனவே "நிழலில் தாவரம் வளராது" என்று எழுதுவது பிழையாகும். "இந்த நிழல், இந்தத் தாவரத்தின் ஈடுசெய் புள்ளிக்குக் கீழே உள்ளது" என்பதே சரியான காரணம்.

இரண்டாவது காரணம் நீர். இதை எழுதும் மாணவர் மிகக் குறைவு. பெய்யும் மழையில் ஒரு பகுதி மரத்தின் இலைகளிலேயே தங்கி ஆவியாகிவிடும். நிலத்தை அடையும் நீரையும் மரத்தின் மேல்வேர்கள் முந்திக்கொண்டு உறிஞ்சும். இதனை நிரூபிக்க வனவியலாளர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவரும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. மரத்தின் கீழே சிறு சதுர நிலத்தைத் தெரிவுசெய்து, அதனைச் சுற்றி ஆழமாக வெட்டி உள்ளே வரும் மரவேர்களைத் துண்டித்துவிடுவார்கள். மேலேயுள்ள நிழலில் எந்த மாற்றமும் இல்லை. ஆயினும் பல இடங்களில் அச்சதுரத்தினுள் உள்ள சிறு தாவரங்கள் வெளியே உள்ளவற்றைவிட நன்றாக வளர்ந்தன. ஒளி மாறாதபோது வளர்ச்சி மாறியது எதனால்? நீருக்கும் கனியுப்புகளுக்கும் இருந்த போட்டி நீங்கியதனால். இத்தகைய முடிவை ஒரு வினாவில் தந்து காரணம் கேட்டால் நீங்கள் தடுமாறக்கூடாது.

மூன்றாவது காரணம் நாம்தான். எமது வீடுகளில் காலையில் முற்றம் கூட்டும்போது மரத்தடியையும் சேர்த்துக் கூட்டி, சருகைக் குவித்துக் கொளுத்திவிடுகின்றோம். பார்க்கத் துப்புரவாக இருக்கும். ஆனால் மண்ணைப் போர்த்தியிருந்த போர்வையும், மண்ணுக்குத் திரும்ப வேண்டிய சேதனப் பொருளும் அன்றாடம் புகையாகின்றன. முளைக்கத் தொடங்கும் நாற்றுகளும் விளக்குமாற்றுடன் போய்விடுகின்றன.

மரம் நின்றால் மண்ணரிப்பு இல்லையா?

"மண்ணரிப்பைத் தடுக்க மரம் நடுதல்" என்று நீங்கள் சிறு வகுப்பிலிருந்தே எழுதி வருகின்றீர்கள். அது சரிதான், ஆனால் முழுமையானதல்ல. மழைத்துளிகள் இலைகளில் விழுந்து, ஒன்றுசேர்ந்து, இலை நுனியிலிருந்து பெரிய துளிகளாகச் சொட்டுகின்றன. மரம் உயரமானதாயின் இப்பெரிய துளி கீழே வரும்போது மீண்டும் நல்ல வேகத்தைப் பெற்றுவிடும். திணிவும் வேகமும் கூடிய துளி வெறும் மண்ணில் மோதும்போது மண் துணிக்கைகள் சிதறுகின்றன. சிதறிய நுண் துணிக்கைகள் மண்ணின் நுண்துளைகளை அடைக்கின்றன. நீர் உட்புகாமல் மேலால் ஓடி, மண்ணையும் கொண்டு செல்கின்றது. தேக்கந் தோப்புகளில் கீழே சருகோ செடியோ இல்லாவிடின் இவ்வாறு நிகழ்வது நன்கு அறியப்பட்டதாகும்.

ஆகவே மரத்தடி மண்ணைக் காப்பது மரத்தின் முடி மட்டுமன்று. நிலத்தோடு ஒட்டியிருக்கும் போர்வையே இறுதியாகத் துளியின் வேகத்தைத் தாங்கிக்கொள்கின்றது. அது சருகாக இருக்கலாம், அல்லது நிலமூடித் தாவரமாக இருக்கலாம். உங்கள் வீட்டு மாமரத்தின் அடியில் வேர்கள் மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கின்றனவா? வேர் மேலெழுந்து வரவில்லை, அதைச் சுற்றியிருந்த மண்தான் கீழிறங்கிவிட்டது என்று எண்ணவும் இடமுண்டு.

நிழலை முதலில் அளந்து பாருங்கள்

தாவரத்தைத் தெரிவுசெய்யும் முன் நிழலை அறியவேண்டும். ஒரு வெயில் நாளில் காலை 8, 10, நண்பகல் 12, பிற்பகல் 2, 4 மணிகளில் அவ்விடத்தைப் பார்த்து, வெயில் விழும் எல்லையைச் சிறு தடிகளால் குறித்துக்கொள்ளுங்கள். முருங்கை, தென்னை, வேம்பு ஆகியவற்றின் கீழே வெயில் புள்ளி புள்ளியாக விழுந்து நகரும். இதைச் சல்லடை நிழல் எனலாம். நன்கு கிளைத்த பலா, மா ஆகியவற்றின் அடிமரத்தோடு ஒட்டிய பகுதியில் நாள் முழுவதும் ஒரு புள்ளி வெயிலும் விழாதிருக்கலாம். இது அடர்நிழல். சுவரோரத்தில் காலையிலோ மாலையிலோ மட்டும் வெயில் கிடைக்கும்.

சுவர் நிழலில் ஒரு நுட்பம் உண்டு. இலங்கை வட அகலக்கோடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அமைந்துள்ளதால், சூரியன் ஆண்டில் இரு தடவைகள், அதாவது ஏப்ரல் மாதத்திலும் ஓகஸ்ற் இறுதி – செப்ரெம்பர் தொடக்கத்திலும், எமது தலைக்கு நேர் மேலே வருகின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகற் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். மற்றைய மாதங்களில் தெற்கே சாயும். ஆகவே டிசெம்பரில் வீட்டின் வடக்குப் பக்கம் நிழலாகக் கிடந்தாலும் ஜூனில் அதே இடத்தில் நண்பகல் வெயில் விழும். டிசெம்பரில் பார்த்துவிட்டு நிழல் என்று முடிவுசெய்து நட்ட செடி, ஆறு மாதத்தில் கருகுவது இதனாலேயே. புவியியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல, தோட்டத்தில் பொருத்திப் பார்ப்பதுதான் புதிது.

வல்லாரை ஏன் பொருத்தமானது?

சிங்களத்தில் கொட்டுகொல எனப்படும் வல்லாரையின் தாவரவியற் பெயர் சென்ரெல்லா ஏசியாற்றிக்கா. கரட், கொத்தமல்லி ஆகியவற்றின் குடும்பமான ஏப்பியேசியேயைச் சேர்ந்த இருவித்திலைத் தாவரம். வயல் வரம்பு, வாய்க்கால் ஓரம், குளக்கரை ஆகிய ஈரலிப்பான இடங்களில் தானாகவே வளர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் கிணற்றடி வாழைகளுக்குக் கீழேயும் காணலாம்.

இதன் உடலமைப்பைப் பார்த்தால் நிலத்தை மூடுவதற்கென்றே அமைந்தது போலிருக்கும். தண்டு மேலெழுவதில்லை. நிலத்தின் மேல் கிடையாக ஓடுகின்றது. ஒவ்வொரு கணுவிலும் கீழ்நோக்கி வேர்களும் மேல்நோக்கி நீண்ட காம்புள்ள இலைகளும் தோன்றுகின்றன. கணுவிடை அறுந்துபோனாலும் வேரூன்றிய கணு தனித் தாவரமாக வாழும். ஒரு பகுதியைக் கோழி கிளறிவிட்டாலும் மீதி தொடர்ந்து படரும். இதனாலேயே இது உறுதியான பல்லாண்டுத் தாவரமாக நிலைக்கின்றது. நிலத்தோடு ஒட்டிக் காணப்படும் மிகச் சிறிய பூக்கள் எளிதிற் கண்ணில் படுவதில்லை.

நிழலுக்கு ஏற்ப இது தன்னை மாற்றிக்கொள்வதும் கவனிக்கத்தக்கது. திறந்த வெயிலில் வளர்ந்த வல்லாரையின் காம்பு குட்டையாகவும் இலை சிறியதாகவும் தடித்ததாகவும் இருக்கும். அதே தாவரத்தின் துண்டை மிதமான நிழலில் நட்டால் காம்பு நீண்டு, இலை அகன்று, மெல்லியதாகும். அகன்ற பரப்பு கூடுதலான ஒளியைப் பிடிக்கும். மெல்லிய இலைக்குச் சுவாசச் செலவும் குறைவு. இரு தாவரங்களின் பரம்பரையலகுகளும் ஒன்றே, சூழல் மட்டும் வேறு. விஞ்ஞான பாடத்தில் சூழலால் ஏற்படும் மாறலுக்கு வீட்டிலேயே காட்டக்கூடிய உதாரணம் இதைவிட வேறு வேண்டியதில்லை.

ஒரு விடயத்தை மறைக்கக் கூடாது. வல்லாரை நிழலைத் தாங்கும். வறட்சியை அவ்வளவாகத் தாங்காது. மெல்லிய அகன்ற இலைகளும் ஆழமற்ற வேர்களும் உள்ள தாவரத்துக்கு மேல்மண் ஈரலிப்பாக இருக்கவேண்டும். ஆண்டு மழைவீழ்ச்சி 2500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட ஈரவலயத்தில் இது பெரிய பிரச்சினையல்ல. 1750 மில்லிமீற்றருக்குக் குறைந்த உலர்வலயத்தில், குறிப்பாக யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில், மழையற்ற மாதங்களில் நீரூற்றாமல் இதனைக் காப்பாற்ற முடியாது. ஆகவே அங்கு கிணற்றடிக்கோ நீர்க்குழாய்க்கோ அருகிலுள்ள நிழலைத் தெரிவுசெய்வதே புத்தி.

நடுகைப் பொருளைச் சரியாக இனங்காணுங்கள். வல்லாரை இலை ஏறத்தாழ வட்டமாக, அடியில் ஒரு பிளவுடன் காணப்படும். காம்பு அப்பிளவில் இணைந்திருக்கும். காம்பு இலையின் நடுவில், குடைப்பிடி போல் இணைந்திருந்தால் அது வல்லாரையன்று, நீரோரங்களில் வளரும் வேறு இனம். உண்பதற்காக நடும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

நடுகை

உலர்வலயத்தில் மழை தொடங்கும் ஒக்ரோபர் மாதமே சிறந்த காலம். தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை பெறும் பகுதிகளில் மே மாதத்திலும் நடலாம். மழையின் உதவியோடு வேரூன்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மரத்தடியில் நிலத்தை ஆழமாகக் கொத்தாதீர்கள். மரத்தின் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவியுள்ளன. அவற்றை வெட்டினால் மரம் பாதிக்கப்படும். அதேபோல அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து மேடையாக்குவதும் கூடாது. பட்டை எப்போதும் ஈரமாக இருந்து அழுகவும், வேர்களுக்கு ஒட்சிசன் குறையவும் அது காரணமாகும். 5 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் மண்ணைப் பொருபொருவென்று கிளறி, ஒரு சதுர மீற்றருக்கு 2 கிலோகிராம் அளவில் நன்கு உக்கிய கூட்டெருவைக் கலந்துவிடுங்கள். உக்காத எருவைப் போட்டால் நுண்ணங்கிகள் அதனை உக்கச் செய்யும்போது மண்ணிலுள்ள நைதரசனைத் தமக்கு எடுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். அடிமரத்திலிருந்து அரை மீற்றர் தூரத்தை வெறுமையாக, சருகுடன் விட்டுவிடுங்கள்.

வேரூன்றிய இரண்டு அல்லது மூன்று கணுக்கள் கொண்ட ஓடித் துண்டுகளைத் தெரிவுசெய்க. நோய்ப்புள்ளிகள் உள்ளவற்றையும், வேரில் முடிச்சுகள் உள்ளவற்றையும் விலக்குக. அம்முடிச்சுகள் வட்டப்புழுத் தாக்கத்தின் அறிகுறி. பதியமுறையில் பெருகும் தாவரங்கள் எல்லாம் ஒரே பரம்பரைத் தன்மை கொண்டவை. ஒன்றைத் தாக்கும் நோய் மற்றவற்றையும் தாக்கும். நோயுள்ள ஒரு துண்டைக் கொண்டுவருவது பாத்தி முழுவதற்கும் நோயைக் கொண்டுவருவதாகும்.

துண்டுகளை 15 செ.மீ. இடைவெளியில் கிடையாக வைத்து, கணு மண்ணோடு தொடும்படி மெல்ல அழுத்துங்கள். கணுவை ஆழப் புதைத்தால் அழுகும், தொடாமல் விட்டால் வேரூன்றாது. இலையை மூடாதவாறு இடைவெளிகளில் சருகைப் பரப்புங்கள். இதுவே பத்திரக்கலவையிடல். முன்னர் கூட்டிக் கொளுத்திய சருகு இப்போது வேலைக்கு வருகின்றது. மாலை வேளையில் நட்டுப் பூவாளியால் நீரூற்றுவது நல்லது. இரவில் ஆவியுயிர்ப்புக் குறைவாதலால் துண்டுகள் வாடுவது குறையும்.

பராமரிப்பும் அறுவடையும்

முதல் இரண்டு மாதங்களே கடினமானவை. நிலமூடி நிலத்தை மூடும் வரை களையும் சேர்ந்தே முளைக்கும். அவற்றைக் கையால் பிடுங்கவேண்டும். மூடிய பின் களை வித்துகளுக்கு ஒளி கிடைக்காமல் முளைப்பது தானாகவே குறைந்துவிடும். களைநாசினி இங்கு தேவையுமில்லை, உண்ணும் பயிரில் அது பொருத்தமுமில்லை.

நீர்த்தேவையைக் கணிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் அது 1 லீற்றர். நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் கொடுப்பதாயின் 3 மீற்றர் நீளமும் 0.9 மீற்றர் அகலமும் கொண்ட பாத்திக்கு 13.5 லீற்றர் தேவை. ஏறத்தாழ ஒன்றரை வாளி. குளித்த நீரையும் துணி துவைத்த நீரையும் இதற்குத் திருப்பிவிடும் பழக்கம் உண்டு. வாழைக்கு விடலாம். பச்சையாக உண்ணும் இலைக்குச் சவர்க்கார நீரை விடாதீர்கள். மலசலகூடக் குழிக்கு அருகிலும், வீதிக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலிலும் நடவே கூடாது. வல்லாரை நிலத்தோடு ஒட்டி வளர்வதால் அழுக்கும் குடற்புழு முட்டைகளும் இலையில் ஒட்டும். வாய்க்கால் நீரில் பார உலோகங்கள் இருந்தால் அவற்றையும் இத்தாவரம் உறிஞ்சிக்கொள்ளும். ஒட்டியவற்றைக் கழுவி நீக்கலாம். உறிஞ்சப்பட்டதை எவ்வளவு கழுவினாலும் நீக்க முடியாது. வீட்டிலேயே நல்ல இடத்தில் வளர்ப்பதன் பெறுமதி இதில்தான் இருக்கின்றது.

இலைகள் பாத்தியை மூடியபின் அறுவடை செய்யலாம். ஓடியைப் பிடுங்காமல், காம்புடன் இலையை மட்டும் கூரிய கத்தியால் வெட்டுங்கள். நிலமூடியாகவும் அது தொடர்ந்து இருக்கவேண்டுமாதலால் ஒரு தடவையில் பாதிப் பாத்தியை மட்டும் வெட்டி, அது தளிர்த்த பின் மற்றப் பாதியை வெட்டுவது எனது ஆலோசனை. சந்தைக்குப் பயிரிடுபவர் முழுவதையும் வெட்டுவர். மண்ணைக் காக்க நட்டவர் அப்படிச் செய்தால் நட்ட நோக்கமே கெட்டுவிடும். பாத்தி நெருக்கமடைந்தால் இடையிடையே துண்டுகளைக் கிளப்பி வேறு நிழலில் நடுங்கள். காற்றோட்டமில்லாத ஈரலிப்பில் பங்கசு நோய்கள் இலைப்புள்ளியாகத் தோன்றும்.

சம்பல் செய்யும்போது தேசிக்காய்ப்புளியை இறுதியில் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமிலம் பச்சையத்தை மாற்றி இலையை மங்கிய நிறமாக்குவதால் அப்படிச் செய்கின்றனர். பரீட்சைக் காலத்தில் வல்லாரை உண்டால் ஞாபகசக்தி கூடும் என்று வீட்டில் சொல்வார்கள். ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் அது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. விடைத்தாளில் "நாட்டு மருத்துவத்தில் பயன்படுவது" என்று எழுதுங்கள், "ஞாபகசக்தியை அதிகரிப்பது" என்று உறுதியாக எழுதவேண்டாம். சம்பலை மறுக்காமல் சாப்பிடுங்கள், இரும்பும் நார்ப்பொருளும் உண்டு.

வேறு தெரிவுகளும் ஒரு எச்சரிக்கையும்

அடர்நிழலில், வல்லாரையும் மெலிந்து காம்பு மட்டும் நீண்டு நிற்கும் இடத்தில், எதையும் வலிந்து நடவேண்டாம். சருகை அங்கேயே விட்டுவிடுங்கள். அதுவும் நிலமூடிதான். கொஞ்சம் வெயில் விழும் உலர்ந்த ஓரத்துக்குக் கற்பூரவள்ளி ஏற்றது. அதன் சதைப்பற்றான இலைகள் நீரைச் சேமிக்கும். ஈரலிப்பான நிழலில் திப்பிலியும் நிலத்தில் படரும். தோட்டங்களில் பியூரேறியா போன்ற அவரையினக் கொடிகளை மூடுபயிராக இடுவர். அவை நைதரசனைப் பதிக்கும். ஆயினும் மரங்களில் ஏறிப் படர்வதால் அடிக்கடி கட்டுப்படுத்தவேண்டும், மரமுடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிழல் அடர்ந்ததும் அவை நலிந்துவிடும்.

மஞ்சட் பூவுடன் பளபளப்பான இலை கொண்ட வெடேலியாவை வீதியோரங்களில் கண்டிருப்பீர்கள். அழகாக, வேகமாக மூடும். "உறுதியான நிலமூடி" என்று கேட்டால் பலருக்கு முதலில் அதுவே நினைவுக்கு வரும். அயனமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இத்தாவரம் உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு அந்நிய இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. வெட்டி எறிந்த ஒரு கணுவிலிருந்தே மீண்டும் முளைத்து, சுதேசத் தாவரங்களை மூடிவிடும். வல்லாரையும் கணுவால் பரவுவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வல்லாரை இந்நாட்டுச் சூழலில் நீண்டகாலம் இருந்துவருவது, குட்டையானது, நாமும் அதை வெட்டி உண்கின்றோம். வெடேலியா உயரமாக அடர்ந்து மற்றவற்றின் ஒளியைப் பறிக்கின்றது. பரவும் முறை ஒன்றாயினும் விளைவு வேறு.

செயற்பாடு

ஒரே வல்லாரைத் தாவரத்திலிருந்து சமமான மூன்று துண்டுகளை எடுத்து, ஒரே மண் நிரப்பிய மூன்று சாடிகளில் நடுக. ஒன்றைத் திறந்த வெயிலிலும், ஒன்றைச் சல்லடை நிழலிலும், ஒன்றை அடர்நிழலிலும் வைக்குக. ஆறு வாரங்களுக்கு வாரந்தோறும் காம்பின் நீளம், இலையின் அகலம், புதிய கணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக. இங்கு சாரா மாறி ஒளிச்செறிவு. அளப்பவை சார் மாறிகள். மூன்றுக்கும் ஒரே அளவு நீரூற்றினால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். வெயிலில் உள்ள சாடி விரைவில் உலர்வதால் ஒரே அளவு நீர் ஒரே ஈரலிப்பைத் தராது. விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து ஈரலிப்பைச் சமமாகப் பேணவேண்டும்.

மாதிரி வினா

வீட்டுத்தோட்டமொன்றில் பலாமரத்தின் கீழ் 3 மீற்றர் நீளமும் 0.9 மீற்றர் அகலமும் கொண்ட நிழல் நிலத்தில் வல்லாரை நடத் திட்டமிடப்பட்டுள்ளது.

(அ) 15 செ.மீ. x 15 செ.மீ. இடைவெளியில் நடுவதற்குத் தேவையான துண்டுகளின் எண்ணிக்கையைக் கணிக்க.

(ஆ) நிலத்தை ஆழமாகக் கொத்தக் கூடாதென்பதற்குக் காரணம் ஒன்று தருக.

(இ) "மரம் உள்ளதால் இந்நிலத்தில் மண்ணரிப்பு ஏற்படாது." இக்கூற்றுடன் நீர் உடன்படுகின்றீரா? விளக்குக.

விடைக்கான வழிகாட்டல்

(அ) நீளத்தில் 300 ÷ 15 = 20. அகலத்தில் 90 ÷ 15 = 6. ஆகவே 20 x 6 = 120 துண்டுகள். மீற்றரைச் செ.மீ. ஆக மாற்றாமல் வகுப்பதே இங்கு அடிக்கடி நேரும் பிழை.

(ஆ) மரத்தின் உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணில் பரவியிருப்பதால் அவை வெட்டுப்படும். "மரம் பாதிக்கப்படும்" என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளியை எதிர்பார்க்க முடியாது, எவ்வாறு என்பதையும் எழுதுக.

(இ) உடன்படவில்லை என்று முதலில் தெளிவாக எழுதிவிட்டே விளக்கத்துக்குச் செல்க. இலைகளில் சேர்ந்து சொட்டும் துளிகள் பெரியவை. உயரத்திலிருந்து விழும்போது வேகம் பெறுகின்றன. நிலம் வெறுமையாயின் மண் துணிக்கைகள் சிதறி நுண்துளைகள் அடைபடும். நீர் உட்புகாமல் மேலால் ஓடி மண்ணைக் கொண்டு செல்லும். சருகு அல்லது நிலமூடித் தாவரம் இருப்பின் துளியின் வேகம் மண்ணை அடையுமுன் தணிக்கப்படும். நேரம் இருந்தால் அடிமரம், சொட்டும் துளி, வெறும் மண், மூடிய மண் ஆகியவற்றைப் பெயரிட்ட ஒரு சிறு வரிப்படமும் வரைக. வரிப்படத்தைப் பென்சிலாலேயே வரையவேண்டும்.